வளைந்த மூக்கு: கத்தி எதை நிமிர்த்தும், எதை நிமிர்த்தாது?

ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் பிள்ளையின் மூக்கை நேராக்கிவிடலாமா என்று அபிராமம், கமுதி பக்கமிருந்து கடிதங்கள் வருகின்றன. பலவற்றில் இரண்டு ஆபரேஷன்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. செப்டோபிளாஸ்டி, உள்ளே இரு துவாரங்களையும் பிரிக்கும் தண்டுக்கு. ரைனோபிளாஸ்டி, வெளித் தோற்றத்துக்கு. முன்னது ‘சிகிச்சை’, பின்னது ‘அழகு’ என்பது காப்பீட்டு நிறுவனங்களுக்கு வசதியான பிரிவினை. அழகு என்று எழுதிவிட்டால், விபத்துச் சீரமைப்பு போன்ற சிலவற்றைத் தவிர, பணம் கிடைக்காது. ஆனால் மூக்கின் முதுகைத் தாங்குவதே தண்டின் மேல்விளிம்புதான். அது கோணினால் வெளியிலும் கோணும். அதைத் தொடாமல் உள்ளே மட்டும் சரிசெய்தால், மூச்சு சீராகலாம்; போட்டோவில் மூக்கு பழையபடியே இருக்கும்.

நிமிர்த்திய தண்டு மறுபடி வளைவது ஏன்? தண்டின் குருத்தெலும்பில், இரு முகங்களிலும் இழுவிசை பூட்டிக் கிடக்கிறது. 1958இல் ஆய்வாளர்கள் கிப்சனும் டேவிஸும் இதை விலாக் குருத்தெலும்பில் விளக்கினார்கள். 1966இல் ஃபிரை மூக்குத் தண்டில் காட்டினார். ஒரு முகத்தைக் கீறினால் அங்கே இழுவிசை விடுபட்டு, காயும் பனையோலைபோல, கீறாத பக்கம் நோக்கி வளையும். அதனால்தான் குழிந்த முகத்தைக் கீறி நிமிர்த்துகிறார்கள். கீறல் போதாவிட்டால் பழைய வளைவு திரும்பும். மிஞ்சினால் தண்டு துவளும்.

கோணலை வெட்டி எறியவும் முடியாது. மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் சுமார் 1 செ.மீ. அகலம் விட்டாக வேண்டும். இல்லையேல் மூக்கின் முதுகு குழிந்துவிடும். பல மூக்குகளில் கோணலே அந்த 1 செ.மீ.க்குள்தான் இருக்கிறது! தண்டின் பின்பகுதியில் எடுத்த துண்டையே அந்த விளிம்புக்கு அண்டை கொடுத்துத் தைப்பதும் உண்டு. ‘ஒரே நாளில் நேரான மூக்கு’ விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

மற்ற கேள்விகள்:

அலர்ஜித் தும்மல் நிற்குமா? நிற்காது, அதற்கு மருந்துதான்.

இரு துவாரங்களும் மாறி மாறி அடைக்கிறதே? சில மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாக மாறுவது இயல்பு.

குறட்டை? மூக்கை மட்டும் சரிசெய்து நிற்பது அரிது.

முகமே இருபுறமும் சமமில்லையென்றால்? கொஞ்சம் கோணல் தெரியத்தான் செய்யும்.

வயது? அவசரமில்லையென்றால் வளர்ச்சி முடிந்த பிறகு.

இறுதி வடிவம்? ரைனோபிளாஸ்டியில் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு ஆகும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரையோ, எங்கே போனாலும் கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தண்டின் மேல்விளிம்பைத் தொடுவீர்களா? பில்லில் என்ன பெயர் எழுதுவீர்கள்?