மண்ணும் மூங்கிலும் மகுடம் சூடிய ஆண்டு

கட்டடக் கலை என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுபவை வானளாவும் மாளிகைகளாகவே இருக்கும். 2022 பிப்ரவரி 22 அன்று துபாயில் திறக்கப்பட்ட எதிர்கால அருங்காட்சியகம் அத்தகையதே. 77 மீட்டர் உயரமுள்ள அதன் எஃகுச் சுவரில் அரபு எழுத்தோவியம் மின்னுகிறது. அவ்வெழுத்துகளே சாளரங்களாகி உள்ளே ஒளி தருகின்றன. காண்போர் வியப்பது இயல்பே.

ஆனால், அதே ஆண்டில் இத்துறையின் உயரிய விருதுகள் சில எங்கே சென்றன என்பதை அறிந்தால் இன்னும் வியப்பீர்கள்.

ஜனவரியில், பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் பன்னாட்டுப் பரிசு, வங்கதேசத்தின் சாத்கீரா மாவட்டத்திலுள்ள 80 படுக்கை மருத்துவமனை ஒன்றுக்கு அறிவிக்கப்பட்டது. கடலோரமான அப்பகுதியில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. எனவே கட்டடக் கலைஞர் காஷிஃப் சவுத்ரி, மருத்துவமனையின் நடுவே ஒரு கால்வாயை அமைத்தார். அது மழைநீரைச் சேர்க்கிறது, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது, உள்நோயாளர் பகுதியையும் புறநோயாளர் பகுதியையும் பிரித்தும் வைக்கிறது. சுவர்களோ அவ்வட்டாரத்துச் செங்கற்களால் ஆனவை.

மார்ச்சில், கட்டடக் கலையின் நோபல் எனப் போற்றப்படும் பிரிட்ஸ்கர் பரிசு பிரான்சிஸ் கேரேக்கு அறிவிக்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. புர்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து சென்று படித்தார். பின்னர் ஜெர்மனியில் மாணவராக இருந்தபோதே நிதி திரட்டி, ஊர் மக்களின் உழைப்போடு அங்கே ஒரு பள்ளியை எழுப்பினார். அது 2001-இல் நிறைவுற்றது. சிறிது சிமென்ட் கலந்த களிமண் கற்களே அதன் சுவர்கள். தகரக் கூரை மேற்தளத்தைத் தொடாமல் உயர்ந்து நிற்பதால் வெப்பக் காற்று இடைவெளி வழியே வெளியேறிவிடுகிறது. அறையைக் குளிர்விக்க இயந்திரம் தேவையில்லை.

செப்டம்பரில், ஆகா கான் கட்டடக் கலை விருது ஆறு பணிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்யா அகதிகளுக்காக எழுந்த சமூகக் கூடங்கள். வரைபடத்தில் தொடங்காமல், அகதிகளோடு களத்திலேயே கலந்து உருவாக்கிய தற்காலிகக் கட்டடங்கள் அவை. வீடிழந்தவர்களுக்கும் ஒதுங்க நிழல் மட்டும் போதாது, கண்ணியமான இடமும் வேண்டும் என்பதை மூங்கில் உணர்த்தியது.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ளதைக் கவனியுங்கள். செலவின் அளவல்ல, பயன்படுத்துவோர் மீதான அக்கறையே அவற்றை உயர்த்தியது.

நாளை நீங்கள் ஒரு வீடோ, ஊருக்கென ஒரு பள்ளிக்கூடமோ கட்ட முனையக்கூடும். முகப்பின் அழகைப் பேசுமுன், காற்று எத்திசையில் வருகிறது, மழைநீர் எங்கே போகிறது, இதில் வாழப்போகும் பெண்களுக்கும் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன தேவை என்று கேளுங்கள். நல்ல கட்டடத்தின் அடித்தளம் அக்கேள்விகளே.