மூக்கின் பின்கட்டு

பூஜை முடிந்து குளிர் எட்டிப் பார்த்துவிட்டால், கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் மங்கி கேப் விற்பனை களைகட்டிவிடும். வங்காளி வீடுகளில் 'டாண்டா லேகேச்சே'. நம் வீடுகளில் தைலமும் ஆவி பிடித்தலும்.

ஆனால் குளிர் போன பிறகும் சில குழந்தைகள் வாயைத் திறந்தபடியே தூங்குவார்கள், குறட்டையும் உண்டு. 'சளி உடம்பு' என்று விட்டுவிடுகிறோம். கோளாறு மூக்கின் வாசலில் இல்லாமல் பின்கட்டில் இருக்கலாம். அதை நேரில் பார்க்க உதவுவதே நாசி எண்டோஸ்கோபி.

கருவி பென்சிலைவிட மெல்லியது. விறைப்பான வகை பெரியவர்களுக்கு 4 மி.மீ., குழந்தைகளுக்கு 2.7 மி.மீ. குறுக்களவு. வளையும் வகையும் உண்டு. கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனில் ஹாரல்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து காட்டியவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்பது நமக்குப் பெருமை.

மரத்துப்போகும் மருந்திட்ட பின் கருவி உள்ளே செல்கிறது. ஒருபுறம் நடுச்சுவர், பலருக்கு அது சற்றே வளைந்திருக்கும். மறுபுறம் திண்ணை போல் மூன்று மடிப்புகள். மூச்சுக்காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது இவற்றின் வேலை. நடு மடிப்பின் அடியில் சைனஸ் அறைகளின் வடிகால். அது அடைத்தால் நெற்றியும் கன்னமும் கனக்கும்.

இன்னும் பின்னே போனால் மூக்கும் தொண்டையும் கூடுமிடம். பக்கச் சுவரில் காதுக்குச் செல்லும் குழாயின் வாய். கூரையில் அடினாய்ட் என்ற சதை. சிறு வயதில் பெரிதாக இருந்து, பதின்வயதில் இது சுருங்கிவிடும். கீழே குரல் நாண்கள். 'ஈ' என்றால் இரண்டும் ஒன்றுசேர்வது தெரியும்.

அடினாய்ட் மிகவும் பெருத்தால் மூச்சு மட்டுமா தடைபடும்? காதுக்குழாயும் அடைபட்டு நடுக்காதில் நீர் தேங்கலாம். வலி இருக்காது, காது மந்தமாகும். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் குழந்தை கூப்பிட்டால் திரும்பாதபோது, 'மூன்று பாஷைக் குழப்பம்' என்றோ 'கவனமில்லை' என்றோ திட்டுகிறோம். பாவம், அதற்குக் கேட்கவே இல்லையோ என்னவோ!

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. மருந்திலும் வயதிலும் சரியாவது உண்டு. ஆனால் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தால் தாமதிக்கக் கூடாது. காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டி, செவித்திறனையும் சோதித்துவிடுங்கள்.

இன்றிரவு விளக்கணைக்கும் முன், குழந்தையின் வாய் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்களேன்.