வெள்ளணுவிலும் உண்டு ரத்த வகை

ரத்த வகை என்றதும் ஓட்டுநர் உரிமத்தில் போட்டிருக்கும் ஏ, பி, ஓ தான் நினைவுக்கு வரும். வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் பிரித்துக்காட்டிய அந்த வகைகள் சிவப்பணுவின் மேல் இருப்பவை. இடுப்பு மூட்டுக்கு வாதம் வருமா என்று கேட்டால் அவற்றிடம் உருப்படியான பதில் கிடைக்காது. கேட்க வேண்டியது வெள்ளணுக்களிடம்.

வெள்ளணுக்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற வகைகள் இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி. முதல் வகையைப் பாரிஸில் ழான் தோஸே 1958இல் கண்டறிந்தார். சோதிக்கும் வழியை 1964இல் சுலபமாக்கியவர் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் பால் டெராசாகி. குட்டிக் குழிகள் கொண்ட தட்டு. குழிக்கு ஒரே ஒரு மைக்ரோலிட்டர் சீரம். அந்த சீரத்தைப் பல பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளையிடம் இருக்கும் தகப்பன் வழி வகைக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்குமே, அதற்காகத்தான்! சோதிக்க வேண்டியவரின் வெள்ளணுக்களைக் குழியில் விட்டால், பொருந்திய இடத்தில் அவை செத்துச் சாயத்தை உறிஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் வகை தெரிந்துவிடும்.

1973இல் லண்டனில் பிரூவர்ட்டன் என்ற மருத்துவரின் குழுவினர் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாதம் வந்த நோயாளிகள் 75 பேரைச் சோதித்தார்கள். 72 பேரிடம் எச்.எல்.ஏ. வகைகளில் ஒன்றான பி-27 இருந்தது. நோயில்லாத 75 பேரில் மூவரிடம் மட்டுமே. டெராசாகியின் ஆய்வுக்கூடமும் அதே ஆண்டு இதையே கண்டது. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் தொடங்கும் இந்த வாதம் பலருக்கு இடுப்பு மூட்டையும் பிடிக்கும். சிறு வயதிலேயே தொடங்கினால் அந்த ஆபத்து கூடுதல்.

அதற்காகப் பி-27ஐத் தலையெழுத்தாக நினைக்க வேண்டாம். அது உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நோய் இருந்தால் வாய்ப்பு கூடும்.

வயதானவர்களின் இடுப்பு மூட்டுத் தேய்மானம் வேறு சங்கதி. அதிலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கை கொடுப்பதால், ஒற்றை ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது.

வலியே இல்லாதவர் பி-27 சோதனைக்குப் பணம் செலவழிப்பது வீண். நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கிய முதுகு அல்லது பிட்டத்து வலி மூன்று மாதம் தாண்டியும் இருக்கிறதா? காலையில் விறைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? தைலம் தடவிக்கொண்டு காலம் கடத்தாமல் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள்.