பசங்க மேட்ச் போட்டோ ஏன் மங்கலாக வருது?

தம்பியோட ஸ்கூல் ஃபுட்பால் மேட்ச். கோல் விழும் நொடியில் சரியாகத்தான் கிளிக் செய்தீர்கள். ஆனால் படத்தில் இருப்பது ஜெர்சி கலரில் ஒரு தீற்றல். காரணம், ஷட்டர் ஸ்பீடு.

அது என்ன கணக்கு?
சென்சாரில் வெளிச்சம் விழும் நேரம்தான் ஷட்டர் ஸ்பீடு. நொடிக்கு 6 மீட்டர் ஓடும் சிறுவன், 1/60 நொடியில் 10 செ.மீ. நகர்ந்துவிடுவான். 1/1000 நொடியில் வெறும் 6 மி.மீ. 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை மேட்ச் ஆனாலும், தெருமுனை மைதானம் ஆனாலும் இதே கணக்குதான்.

எப்படி செட் செய்வது?
போனில் ப்ரோ மோடு இருந்தால் 1/1000 வையுங்கள். மாலையில் படம் இருட்டானால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிறகு குறைக்கலாம். மங்கலைச் சரிசெய்வது கஷ்டம்.

இண்டோர் மேட்ச் என்றால்?
நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். படத்தில் கறுப்புப் பட்டை வந்தால் 1/100-க்கு இறங்குங்கள். தாவலின் உச்சியில், அசைவு குறையும் கணத்தில் எடுங்கள்.

எங்கே நிற்பது?
கோல் போஸ்ட் பக்கம், எல்லைக்கோட்டுக்கு வெளியே முட்டி போடுங்கள். முகமும் பந்தும் சேர்ந்து கிடைக்கும். ஃப்ளாஷ் வேண்டாம்.

போஸ்ட் செய்யும் முன்?
மற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் கேளுங்கள். கோல் விட்டு அழும் கீப்பரின் படம், திங்கட்கிழமை அவன் கிளாஸ் முழுக்கச் சுற்றும்.