நீலம் தரும் நுண்ணுயிர்

அவுரிச் செடியின் இலை பச்சை, பூவோ இளஞ்சிவப்பு. நீலம் அதில் எங்கும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரைக் காற்றுப்படுமாறு அடித்துக் கலக்கும்போதுதான் நீலம் பிறந்து தொட்டியின் அடியில் வண்டலாகப் படிகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. வங்காளத்தில் 1859-இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்ததும், 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதும் இச்செடியைப் பயிரிடுமாறு உழவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டதனால்தான்.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவுரி வயல்கள் விரைவில் சுருங்கின. இன்று ஜீன்ஸ் துணிகளுக்கு ஏற்றப்படும் நீலம் பெரும்பாலும் ஆலையில் பிறந்ததே. பெட்ரோலியத்திலிருந்து பெறும் அனிலீனும், நச்சுமிக்க சயனைடும் ஃபார்மால்டிஹைடும் அதன் ஆக்கத்தில் பயன்படுகின்றன. சாயம் மலிவானது, அதன் ஆக்கமுறை அச்சந்தருவது.

நீலம் அரோமேட்டிக் சேர்மங்களின் வகையைச் சார்ந்தது. இப்பெயரைக் கொண்டு அதில் நறுமணம் தேட வேண்டா. பென்சீன் போன்ற வளைய அமைப்பு உடையது என்பதே பொருள். இவ்வளையத்தைத் தாவரங்களும் பாக்டீரியாக்களும் சர்க்கரையிலிருந்து தாமே கட்டிக்கொள்கின்றன. அத்தொடர்வினைக்குச் சிகிமேட் வழித்தடம் என்று பெயர். மனித உடலில் அவ்வழித்தடம் இல்லை. ஆகவே, டிரிப்டோஃபேன் போன்ற வளைய அமினோ அமிலங்களை நாம் உணவின்வழியே பெறுகிறோம்.

1983-இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தைச் சார்ந்த பர்ட் என்ஸ்லியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சூடோமோனாஸ் புட்டிடா என்னும் மண்வாழ் பாக்டீரியா நாப்தலீனைச் சிதைக்கவல்லது. அத்திறனுக்குரிய மரபணுக்களை அவர்கள் ஈ.கோலை பாக்டீரியாவினுள் செலுத்தினர். அவை நீலத்தை உண்டாக்கின! ஈ.கோலை தன் இயல்பாகவே டிரிப்டோஃபேனை உடைத்து இண்டோலைத் தரும். நாப்தலீனுக்கென வந்த நொதி அந்த இண்டோலையும் பற்றி ஆக்சிஜனேற்றியது; இண்டாக்சில் உருவாயிற்று. இண்டாக்சில் மூலக்கூறுகள் காற்றுப்பட்டதும் இரண்டிரண்டாக இணைந்து நீலமாயின. அவுரித் தொட்டியில் நிகழும் இறுதிப்படியும் இதுவே.

வழி தெரிந்தது, விளைச்சல் எளிதில் கூடவில்லை. செல் சிக்கனமானது. தேவைக்கு மேல் வளைய அமினோ அமிலம் சேர்ந்தால், அவ்வமிலமே வழித்தடத்தின் முதல் நொதியைப் பற்றி அதன் வேலையை நிறுத்திவிடும். அத்தடைக்குக் கட்டுப்படாத நொதி அமையுமாறு அறிவியலாளர்கள் மரபணுவைத் திருத்தினர். மற்றுமொரு தொல்லை, உடன்விளைபொருளான இண்டிரூபின். அது சிவப்பு, சிறிதளவு கலந்தாலும் துணியின் நீலம் சிவப்போடும். அதற்கு மூலமான ஐசாட்டினை அழிக்கும் வேறொரு நொதியைச் சேர்த்து அச்சிக்கலையும் தீர்த்தனர். எனினும், ஆலை நீலத்தின் மலிவை வெல்ல இயலவில்லை.

சாயமிடுவதிலும் ஒரு தடை உண்டு. நீலம் நீரில் கரையாது. சோடியம் டைதயோனைட்டைச் சேர்த்து அதைக் கரையச் செய்கின்றனர். கந்தகச் சேர்மங்கள் கழிவுநீரில் சேர்கின்றன. 2018-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடியின் உத்தியையே கையாண்டனர். செடி, இண்டாக்சிலோடு ஒரு குளுக்கோசை இணைத்து, நீலமாகாதபடி இலைக்குள் காத்துவைக்கிறது. அவ்விணைப்பைச் செய்யும் தாவர மரபணுவை அவர்கள் ஈ.கோலையில் சேர்த்தனர். கிடைத்த பொருள் நீரில் கரைவது, நிறமற்றது. துணியில் அதனை ஏற்றியபின் நொதியொன்று சர்க்கரையைக் கழற்ற, பருத்தி நூலிழையிலேயே நீலம் தோன்றியது.

இம்முறை ஆலை நீலத்தின் விலைக்கு இறங்கி வந்தால், பாக்டீரியாவுக்கு ஊட்டும் சர்க்கரை பெருமளவில் தேவைப்படும். நீலத்தின் மூலப்பொருள் அப்போது மீண்டும் வயலிலிருந்தே வர வேண்டும்: அவுரியாக அன்று, கரும்பாகவோ மக்காச்சோளமாகவோ.