வீடு திரும்பும் முன் ஓர் ஒத்திகை

மாதத்தின் முதல் தேதி நம்மில் பெரும்பாலோருக்கு நல்ல நாள். குடியை விட்டுச் சில வாரங்களே ஆன ஒருவருக்கோ அது அபாயகரமான நாள். சம்பளம் கணக்கில் சேர்ந்ததாகக் கைப்பேசி தெரிவிக்கிறது. மாலையில் பழைய நண்பர் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து, "இன்று ஒருநாள்தானே" என்கிறார். குடியின் கேடுகளையெல்லாம் அறிந்தவர்தாம் நம்மவர்; ஆயினும் அந்த அரை நிமிடத்தில் நாக்கு எழுவதில்லை. மறுப்பதையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம் என்பதே நாடகவழிச் சிகிச்சையின் அடிப்படை.

பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ், அங்கிருந்த பழைய மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்ததால் உருவானது. போதை மருத்துவத்துக்கென அங்கே தனி மையம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அதை நாடிச் செல்கின்றன. இத்தகைய மையங்களில் முதலிடம் மருந்துக்கே. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலும் வீட்டார் இதை அறிந்திருக்க வேண்டும். உடல் தெளிந்த பிறகே குழு அமர்வுகளும் குடும்ப ஆலோசனையும் தொடங்குகின்றன. நடிப்புக்கு இடம் கிடைப்பது அப்போதுதான்.

இம்முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஜேக்கப் மொரேனோ. 1889இல் ருமேனியாவில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் பயின்றவர். பின்னர் அமெரிக்கா சென்று, 1936இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதற்குள் நாடக மேடையும் அமைத்தார். நோயாளி தம் கதையைச் சொல்வதைவிட நடித்துக் காட்டினால் தாமே அறியாதது வெளிப்படும் என்பது அவர் துணிபு.

அமர்வு எப்படி நடக்கும்? பேருந்து நிறுத்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். குழுவில் ஒருவர் நண்பராகிறார். முதல் முறை நம்மவர் தலைகுனிந்து முனகுகிறார், "இது மறுப்பா, சம்மதமா?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். மீண்டும் நடிக்கிறார். இப்போது குரல் உயர்கிறது. ஆனால் காரணங்களை அடுக்கத் தொடங்குகிறார். ஒவ்வொரு காரணத்துக்கும் நண்பரிடம் பதில் இருக்கிறது! காரணம் கூறாமல், "வேண்டாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதே எளிது என்பது நான்காம் முறையிலோ ஐந்தாம் முறையிலோ பிடிபடுகிறது.

இதனினும் கடினமானது பாத்திர மாற்றம். கணவர் மனைவியின் இருக்கையில் அமர்ந்து, இரவு பதினொரு மணிக்குக் கதவோசைக்காகக் காத்திருக்கும் அவராகப் பேச வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணம் எங்கே என்று, எதிரே வேறொருவர் நடிக்கும் தம்மையே கேட்க வேண்டும். அறிவுரைகளால் அசையாதவர்கள் இங்கே மௌனமாகிவிடுவதுண்டு. அந்த மௌனத்தைக் கையாளத் தேர்ந்த சிகிச்சையாளர் உடனிருப்பது இன்றியமையாதது. பழைய காயத்தைக் கிளறி அப்படியே விட்டுவிடுவது தீங்காகும். கூத்து முடிந்ததும் வேடம் கலைப்பதுபோல, ஏற்ற பாத்திரத்திலிருந்து ஒவ்வொருவரையும் விடுவித்த பிறகே அமர்வு முடியும்.

இதன் பயனைப் பற்றிய பெரிய ஆய்வுகள் இன்னும் குறைவு. மருந்துக்கோ தொடர் ஆலோசனைக்கோ இது மாற்று அன்று. அவற்றோடு சேரும் துணை. இந்தியாவில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு மதுப் பழக்கம் தொடர்பான உதவி தேவை என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை தெரிவித்தது. அத்தனை பேருக்கும் பயிற்சி பெற்ற நாடகச் சிகிச்சையாளர் கிடைப்பது இப்போதைக்கு நடவாத காரியம்.

சிகிச்சைச் செலவு குறித்தும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு அளிக்கப் பணிக்கிறது. ஆனால் போதைப் பழக்கச் சிகிச்சையை விலக்கும் விதி பல பாலிசிகளில் உள்ளது. மருத்துவமனையில் சேர்க்கும் முன் விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.