எது சின்ன வெங்காயம்?

சின்ன வெங்காயத்தையும் பெரிய வெங்காயத்தையும் குறுக்கே அரிந்து அருகருகே வைத்தால் வேற்றுமை கண்ணில் படும். பெரிய வெங்காயத்தில் வளையங்கள் ஒரே நடுப்புள்ளியைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும். சில காய்களில் இரண்டு, மூன்று புள்ளிகள் தெரியலாம். சின்ன வெங்காயத்தில் மேல்தோலுக்குள்ளேயே பல குருத்துகள் தனித்தனிச் செதில்களைச் சுற்றிக்கொண்டு ஒடுங்கியிருக்கும். விதைக்காயை நட்டதும் ஒவ்வொரு குருத்தும் தாள் விட்டு, அதன் அடியில் தனக்கென்று ஒரு காய் பிடிக்கிறது. அறுபது, எழுபது நாளில் நட்டது ஒன்றாகவும் பிடுங்குவது கொத்தாகவும் ஆகிவிடுகிறது. கொத்துக்கு ஏழெட்டுக் காய் சாதாரணம். தாவரவியல் இரண்டையும் அல்லியம் சீப்பா என்ற ஒரே இனத்தில்தான் வைக்கிறது. கொத்தாகப் பிரிகிறவற்றை மட்டும் அதற்குள் அக்ரிகேட்டம் தொகுதி என்று பிரிக்கிறது. இரண்டுக்கும் 16 குரோமோசோம்கள். ஒன்றோடொன்று எளிதில் ஒட்டி விதை பிடிக்கும்.

ஆகவே உருவம் சிறியது என்பது இலக்கணம் ஆகாது. பெங்களூர் ரோஸ் வெங்காயம் சிறியது, சிவந்தது, காரமானது. சந்தையில் பலர் அதைச் சின்ன வெங்காயத்தோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆனால் அது விதை தூவி வளர்த்து, செடிக்கு ஒன்றாகப் பிடுங்கும் வெங்காயம். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மறுபுறம், மேலைநாடுகளில் உருளைக்கிழங்கு வெங்காயம் என்று அழைக்கப்படுவது நம் சின்ன வெங்காயத்தைவிடப் பருமனானது. இருந்தும் கொத்தாகப் பிரிவதால் அக்ரிகேட்டத்தைச் சேர்ந்தது.

நிறத்தையும் முழுதாக நம்புவதற்கில்லை. சிவப்பும் ஊதாவும் செதில்களின் மேற்புறச் சவ்வில் உள்ள ஆந்தோசயனின் தருவது. மஞ்சளுக்கும் பழுப்புக்கும் குவெர்செட்டின் வகை நிறமிகள் காரணம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகங்களிலேயே பல நிறங்கள் கிடைக்கின்றன. கோ 2 அடர் சிவப்பு, கோ 3 இளஞ்சிவப்பு, கோ 4 இளம் பழுப்பு, மதுரை 1 பளிச்சென்ற சிவப்பு. பிடுங்கிய காயை எப்படி உலர்த்துகிறோம், சேமிப்புப் பட்டறையில் எத்தனை நாள் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ரகத்தின் தோல்நிறம்கூட மாறித் தோன்றும். ரகம் பிரிப்பவர்கள் இதனால்தான் நிறத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. நீளவாக்கில் அரிந்தால் காய் உருண்டையா, முட்டை வடிவா, கதிர் போல நீண்டதா; கழுத்து ஒல்லியா தடிப்பா; உலர்ந்த தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, உதிர்ந்துவிடுகிறதா; எத்தனை காயாகப் பிரிகிறது; உலர்பொருள் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். உலர்பொருள் கடைசியில் சொல்லப்பட்டாலும் சமையலுக்கு அதுவே முதன்மை. நீர் குறைந்து சதை இறுகிய காய் பட்டறையில் நெடுநாள் தாங்கும், வறுத்தால் மொறுமொறுப்பாகும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் பாலு நகரம் வறுத்த வெங்காயத்துக்குப் பெயர் பெற்றிருப்பது அங்கு விளையும் இறுகிய ரகத்தால்தான்.

பிரான்சில் இந்த வகைப்படுத்தல் நீதிமன்றம்வரை போனது. அங்கு இளஞ்சிவப்புத் தோலுள்ள ஜெர்சி வகையை உருண்டை, அரைநீளம், நீளம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் காயை நட்டே வளர்த்த பயிர் அது. நட்டு வளர்ந்த காயின் அடித்தட்டில், தாய்க்காயிலிருந்து பிரிந்த இடத்தின் தழும்பு இருக்கும். பக்கத்துக் காய்கள் நெருக்குவதால் குறுக்கே அரிந்தால் ஒருபுறம் சப்பையாகத் தெரியும். நெதர்லாந்தில் ஆம்பிஷன், மடாடோர் என்ற ரகங்களை விதையிலிருந்தே வளர்க்கும்படி உருவாக்கியபோது, இவை எங்கள் வெங்காயம் அல்ல என்றது பிரான்ஸ். காய் நட்டு விளைந்ததற்கு மட்டுமே சின்ன வெங்காயம் என்ற பெயரை அனுமதித்த 1990ஆம் ஆண்டு ஆணை அதற்குத் துணை. 2006 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. விதையில் வளர்ந்தது என்று சிப்பத்தின் மேல் எழுதிவிட்டால் வாங்குபவர் அறிந்துகொள்வார் என்பது அதன் வாதம். பிரெஞ்சு விவசாயியின் கவலை அர்த்தமற்றதல்ல. ஆனால் தழும்பு வளர்த்த முறையின் அடையாளம். செடியின் குலத்தை அது காட்டாது.

தமிழ்நாட்டில், விதையில் வளர்ந்ததும் சின்ன வெங்காயமா என்ற இதே கேள்வி சச்சரவு இல்லாமல் தீர்ந்தது. கோ 1 முதல் கோ 4 வரையிலான ரகங்கள் சமவெளியில் அரிதாகவே பூப்பவை, விதைக்காய்தான் வழி. எக்டேருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ விதைக்காய் வேண்டும். விளைச்சலில் ஒரு பங்கைப் பட்டறையில் காத்து அடுத்த போகத்துக்கு ஒதுக்க வேண்டும். விலை ஏறும் ஆண்டில் அந்தச் செலவே விவசாயியின் முதுகை ஒடித்துவிடும். கோ 5 பூத்து விதை பிடிக்கும் ரகம். சில கிலோ விதையை நாற்றங்காலில் தூவி நடலாம், நாள் மட்டும் கூடும். விதையில் வளர்ந்தாலும் அது கொத்தாகவே பிரிகிறது; திண்டுக்கல், பெரம்பலூர்ச் சந்தைக்கு வந்தால் அதுவும் சின்ன வெங்காயம்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் வேதாளன் போன்ற ரகங்கள் இன்றும் காயாகவே நடப்படுகின்றன.

பெயரின் கதை இன்னும் சிக்கலானது. சின்ன வெங்காயத்துக்கு இருந்த அல்லியம் அஸ்கலோனிக்கம் என்ற பழைய தாவரப் பெயர் பண்டைய பாலஸ்தீனக் கடற்கரை நகரமான அஸ்கலோனைக் குறிக்கிறது. ஆனால் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், அஸ்கலோன் வெங்காயம் மட்டும் அடியில் பிரியாது, விதை போட்டே வளர்க்க வேண்டும் என்கிறார். அப்படியானால் பிரியாத வெங்காயத்தின் பெயர்தான் பிரிகிற வெங்காயத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய தாவரவியல் அந்தப் பெயரைக் கைவிட்டதில் இழப்பில்லை.

கொத்தாகப் பிரிந்தும் இந்தக் குலத்தில் சேராதவை உண்டு. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் கொண்டாடும் சாம்பல்தோல் வகை சிறியது, நீண்டது, தோல் தடித்தது. இலையுதிர்காலத்தில் நடப்படுவது, அதிக நாள் தங்காது. மரபணு ஆய்வுகள் அதை மத்திய ஆசியாவில் காட்டில் வளரும் அல்லியம் ஓஷானினியோடு இணைக்கின்றன. ஜப்பானின் வாகேகி, அந்நாட்டுத் தாள் வெங்காயமும் சின்ன வெங்காயமும் கலந்த கலப்பினம். காஷ்மீரில் வாஸ்வான் விருந்துக்கு அரைத்துச் சேர்க்கும் பிராண் பார்வைக்குச் சின்ன வெங்காயம்தான். ஆனால் அதன் குரோமோசோம்கள் 24, மும்மடங்குத் தொகுதி. அதனால் அது விதை பிடிப்பதில்லை. பூங்கொத்திலேயே குட்டிக் காய்கள் முளைக்கும். குரோஷியக் கடற்கரையில் லூட்டிகா என்ற பெயரில் பயிராவதும் இதே செடிதான்.

(தொடரும்)